கயிறு அறுந்த பெடலும் ஒரு சுண்டுவிரலும்

போன மாசம் குன்னூர்ல ஒரு கல்யாண ரிசப்ஷன். நாங்க அஞ்சு பேர் ஆர்கெஸ்ட்ரா, நான் வழக்கம் போல ஓரத்துல கிட்டாரோட. பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது மெதுவா ஏதாவது வாசிங்கன்னு பொண்ணோட அண்ணன் முன்னாடியே சொல்லி வச்சிருந்தாரு, அதுக்கு எங்ககிட்ட ஒரு ரெடிமேட் ஏற்பாடு உண்டு, கீபோர்ட் தம்பி பின்னாடி ஸ்ட்ரிங்ஸ் பிடிச்சுக்கிட்டே இருப்பான், அதுக்கு மேல நான் வால்யூம் பெடலை மிதிச்சு ஒவ்வொரு நோட்டா ஊதி விடுவேன், நூறு தடவையாவது பண்ணியிருப்போம். அன்னைக்கு மொத நோட்டு நல்லா வந்துச்சு. ரெண்டாவது நோட்டுக்கு குதிகாலை அழுத்தி சத்தத்தை மூடி, கம்பியத் தட்டி, முன்னங்காலால மிதிச்சேன். ஒண்ணும் வரல. மறுபடி மிதிச்சேன், காலுக்கு கீழ பெடல் லொடலொடன்னு ஆடுது, தளர்ந்த பல்லு மாதிரி. பொண்ணு படியில கால் வச்சாச்சு, வீடியோக்காரர் லைட்டைத் திருப்பிட்டாரு, பேஸ் வாசிக்கிற தம்பி வாயைக் கோணி "ணா, சவுண்டு வரல"ங்கிறான். அது எனக்குத் தெரியாதா.

அந்த மாதிரி பெடலைத் திறந்து பாத்தவங்களுக்குத் தெரியும், உள்ள பெரிய மெஷின் எல்லாம் ஒண்ணும் கிடையாது. ஒரு வால்யூம் கண்ட்ரோல், அதோட தண்டுல ரெண்டு மூணு சுத்து சுத்தின ஒரு கயிறு, கயிறை இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்ப்ரிங், அவ்வளவுதான். கால் அசைஞ்சா கயிறு இழுக்கும், கயிறு இழுத்தா தண்டு சுத்தும். கயிறு அறுந்தா கண்ட்ரோல் கடைசியா எந்த இடத்துல நின்னுச்சோ அங்கயே நிக்கும். என் நேரம், நோட்டு திறக்கிறதுக்கு முன்னாடி, அதாவது பூஜ்யத்துல அறுந்திருக்கு. முழு சத்தத்துல அறுந்திருந்தா யாருக்குமே தெரியாம ஒப்பேத்தியிருக்கலாம்.

குனிஞ்சு பெடலுக்குள்ள போற வயரைப் பிடுங்கி நேரா டிலேல, அதாவது எதிரொலி கொடுக்கிற பெட்டியில சொருகிட்டு, அப்புறம் வேற வழியில்லாம ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி விட்டுப்போன பழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தேன். கிட்டார்லயே இருக்கிற வால்யூம் நாப்பை சுண்டுவிரலால திருப்பி வாசிக்கிறது. வந்துச்சு. கூடவே கரகரகரன்னு ஒரு சத்தமும் வந்துச்சு, பழைய ரேடியோல ஸ்டேஷன் தேடுற மாதிரி, அது ஏன்னு பின்னாடி சொல்றேன். நல்ல வேளை, பொண்ணு மாப்பிள்ளை சேர்ல உக்காந்ததும் மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் கூட்டமா வந்து "அண்ணா, படுகு பாட்டு போடுங்க"ன்னு கேட்டாங்க, நம்ம நீலகிரில படுகர்களோட அந்த ஆட்டப் பாட்டு ஆரம்பிச்சா அப்புறம் கிட்டார்காரனை யாரும் கவனிக்க மாட்டாங்க, தாத்தா பாட்டியில இருந்து எல்.கே.ஜி. பசங்க வரைக்கும் வட்டம் கட்டி ஆட ஆரம்பிச்சுட்டாங்க. நான் தப்பிச்சேன்.

ஆனா வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறமும் மண்டைக்குள்ள அதே ஓடிக்கிட்டு இருந்துச்சு. பெடல் வாங்கி ஏழெட்டு வருஷம் ஆகுது, அதுக்கு அப்புறம் சுண்டுவிரலுக்கு வேலையே கொடுக்கல. அன்னைக்கு அந்த கரகரப்புக்கு நடுவுலயும் ரெண்டு மூணு நோட்டு வந்துச்சு பாருங்க, அது பெடல்ல இத்தனை வருஷமா வாசிச்சதை விட நல்லா இருந்துச்சுன்னு எனக்கே தோணுச்சு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

கிட்டார் வாசிக்காதவங்களுக்கு ஒரு வார்த்தை. வால்யூம் ஸ்வெல்னா பெரிய வித்தை இல்ல. சத்தத்தை முழுசா மூடி வச்சுட்டு கம்பியத் தட்டணும், தட்டினது யாருக்கும் கேக்காது, அப்புறம் சத்தத்தை மெதுவா திறக்கணும். கம்பி ஏற்கனவே அதிர்ந்துக்கிட்டு இருக்கிறதால நோட்டு எங்கிருந்தோ வர்ற மாதிரி வரும், கிட்டார்னே தெரியாது, வில்லு போட்டு இழுத்த மாதிரி இருக்கும். இங்கிலீஷ்காரன் இதுக்கு வயலினிங்னே ஒரு பேர் வச்சிருக்கான்.

ஏன் கிட்டார்னு தெரியாம போகுதுன்னு யோசிச்சா அது ஒரு தனிக் கதை. ஒரு வாத்தியத்தை நம்ம காது அடையாளம் கண்டுபிடிக்கிறதுல பெரும்பங்கு அந்த மொத தட்டுக்குத்தான், கம்பியில பிக், அதாவது தட்டுற சின்ன சில்லு, பட்டு விலகுற அந்த 'டிங்', சில பத்து மில்லிசெகண்ட் இருக்குமா, அவ்வளவுதான். அதை வெட்டி எறிஞ்சா மிச்சம் இருக்கிறது யார் குரல்னு சொல்றது கஷ்டம். 1948-ல பாரிஸ்ல ரேடியோல வேலை பாத்த பியர் ஷாஃபேர்னு ஒருத்தர், மணி அடிக்கிற சத்தத்தை ரெக்கார்ட் பண்ணி அந்த மொத அடியை மட்டும் வெட்டித் தூக்கிட்டு மிச்சத்தைப் போட்டுக் கேட்டாரு, மணி மணி மாதிரியே இல்ல. வால்யூம் ஸ்வெல் பண்றவனும் அதே வேலையைத்தான் பண்றான், என்ன, கத்தரிக்கோலுக்கு பதிலா விரல்.

வீணைக்காரங்க மீட்டுன்னு சொல்றாங்களே, அந்த மீட்டு காதுல விழாம நாதம் மட்டும் விழுறதுன்னு வச்சுக்கோங்க. தட்டுற வாத்தியம் எல்லாத்துக்கும் ஒரே தலையெழுத்து, தட்டின நொடியில உச்சம், அப்புறம் இறக்கம்தான். நாதஸ்வரத்துக்கும் வயலினுக்கும் அந்தக் கவலை கிடையாது, பிறக்கும்போது சின்னதா பிறந்து நடுவுல வளந்து அப்புறம் அடங்கலாம். கம்பியத் தட்டுறவனுக்கு அந்த வாழ்க்கையைக் கொஞ்ச நேரம் கடனா கொடுக்கிறது இந்த ஸ்வெல் தான்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் சித்தப்பா. அவரு கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரில வேலை, சாயங்காலமானா மெல்லிசைக் குழுவுல ஹவாயன் கிட்டார், மடியில படுக்க வச்சு இரும்புத் துண்டால தேச்சு வாசிப்பாங்களே அது. அவர் காலுக்கு கீழயும் ஒரு வால்யூம் பெடல் இருக்கும், ஸ்டீல் கிட்டார் வாசிக்கிறவங்களுக்கு உலகம் பூரா அது கூடப்பிறந்த சாமான் மாதிரி. எனக்குப் பதினாறு பதினேழு வயசு இருக்கும், நான் சாதா கிட்டாரை எடுத்துக்கிட்டு அவர் முன்னாடி படபடன்னு வாசிச்சுக் காட்டுவேன், அவர் டீயை ஆத்திக்கிட்டே கேட்டுட்டு ஒரு நாள் சொன்னாரு, "டேய், நீ தட்டுறத ஏன்டா ஊருக்கே சொல்ற?"

எனக்குப் புரியல. அவரே என் கிட்டாரை வாங்கி, நாப்பை மூடிட்டு, மூணாவது கம்பியத் தட்டி, சுண்டுவிரலை வளைச்சு நாப்பை உருட்டினாரு. ஒரே ஒரு நோட்டு. உள்ள அடுப்படியில சித்தி மிக்ஸியை நிறுத்திட்டாங்க, பாட்டு கேக்கவான்னு நினைச்சா இல்ல, தேங்கா போட மறந்துட்டாங்களாம்.

நாப்பை உருட்டுறது ஒரு வாரத்துல வந்துடும். தாளத்துல உக்கார வைக்கத்தான் மாசக்கணக்கா ஆச்சு எனக்கு. ஏன்னா சாதாரணமா நாம தாளத்துல தட்டுவோம், தட்டின இடத்துல சத்தம் வரும். இதுல தட்டுற இடம் வேற, சத்தம் நிறையற இடம் வேற. ஒண்ணுல தட்டிட்டுத் திறந்தோம்னா கேக்குறவனுக்கு ஒண்ணேகால்லயோ ஒண்ணரையிலயோதான் நோட்டு வந்து சேரும், பாட்டு பூரா ஒரு நொண்டி நடந்து வர்ற மாதிரி இருக்கும், ட்ரம்ஸ்காரன் நம்மளைத் திரும்பித் திரும்பிப் பாப்பான். நான் மாசக்கணக்கா அப்படித்தான் நொண்டினேன். சித்தப்பா இதுக்கும் ஒண்ணு சொன்னாரு, "எட்டரை பஸ்ஸுக்கு எட்டரை மணிக்கா வீட்ட விட்டுக் கிளம்புவ?"

அதான். முன்னாடியே கிளம்பணும். தாளம் தட்டுற மெட்ரோனோமை நிமிஷத்துக்கு 60-ல வச்சா ஒரு பீட் ஒரு செகண்ட், நாலாவது பீட் தாண்டி பாதியில, அதாவது ஒண்ணு வர்றதுக்கு அரை செகண்ட் முன்னாடி மூடின நிலையில தட்டணும், உடனே உருட்ட ஆரம்பிக்கணும், சரியா ஒண்ணுல நோட்டு நிறைஞ்சு நிக்கணும். கர்நாடக சங்கீதத்துல அதீத எடுப்புன்னு இருக்கு, தாளத்துக்கு முன்னாடியே பாட்டு கிளம்பிடும், என் மாதிரி ஆளுங்களுக்கு அது மேடையில கேக்க மட்டும்தான்னு நினைச்சிருந்தேன், கடைசில பாத்தா என் விரல் தினம் அதுக்குப் பக்கத்து வீட்டு வேலையைத்தான் பண்ணிக்கிட்டு இருக்கு. ஒரு வித்தியாசம், அங்க முன்னாடி எடுக்கிறது எல்லாருக்கும் கேக்கும், இங்க எனக்கு மட்டும்தான் தெரியும்.

ரொம்ப மெதுவான பாட்டுனா அரை பீட் முன்னாடி போதும், கொஞ்சம் வேகம்னா ஒரு முழு பீட் கூட முன்னாடி போக வேண்டியிருக்கும். இன்னொரு விஷயம், தட்டும்போது பலமா தட்டணும். சத்தம் மூடித்தானே இருக்குன்னு பல பேர் தடவிக் கொடுக்கிறாங்க, திறக்கிறதுக்குள்ள கம்பி பாதி செத்துப்போயிடும், திறந்தா உள்ள ஆளே இருக்காது. கம்பியோட அதிர்வைப் பிடிக்கிற பிக்கப்ல கழுத்துப் பக்கத்துதுக்கு மாத்திக்கிட்டா இன்னும் கொழகொழன்னு வரும்.

நீலகிரிக்காரன் இதைப் பத்தி எழுதினா பனிமூட்டம் மாதிரி மெதுவா வரும்னு எழுதுவான்னு எதிர்பாத்திருப்பீங்க. மன்னிக்கணும். இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், மேகம் அப்படி நாசூக்கா எல்லாம் வராது, துணி காயப் போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள கதவைத் திறந்து விட்ட மாதிரி குப்புன்னு வந்து கொல்லையில நிக்கும். எனக்கு ஸ்வெல்னா ஞாபகம் வர்றது ராத்திரி மேட்டுப்பாளையத்துல இருந்து ஏறி வர்ற கடைசி பஸ். எங்க வீடு ரோட்டுக்கு மேல, படுத்துக்கிட்டே கேக்கலாம். எப்ப ஆரம்பிச்சதுன்னே சொல்ல முடியாது, திடீர்னு கவனிச்சா ஏற்கனவே வந்துக்கிட்டு இருக்கும், ஒரு வளைவுல நிறைஞ்சு அடுத்த வளைவுல மலைக்குப் பின்னாடி அடங்கி மறுபடி கொஞ்சம் பெருசா வரும், ஒவ்வொரு தடவையும் முன்னாடியை விட ஒரு படி மேல. தொடக்கம் இல்லாத சத்தம்னா அதுதான்.

சரி, நாப்புக்கு வருவோம். சுண்டுவிரல்ல இதைப் பண்ண கிட்டார் ஒத்துழைக்கணும். 1954-ல வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்ங்கிற கிட்டார்ல வால்யூம் நாப் கம்பிக்கு ரொம்பப் பக்கத்துல, தட்டுற கையோட சுண்டுவிரல் சும்மா தொங்கினாலே அதுல போய் விழும். ஜெஃப் பெக் அந்த கிட்டாரை வச்சுக்கிட்டு பிக்கே இல்லாம வெறும் விரல்ல தட்டி, சுண்டுவிரலை நாப்ல வச்சு, உள்ளங்கையில நோட்டை ஆட்டுற வைப்ரேட்டோ பாரையும் பிடிச்சு மூணு வேலையும் ஒரே கையில பண்ணுவாரு, வீடியோ பாத்தா அந்தக் கைக்கு எத்தனை விரல்னு சந்தேகம் வரும். டெலிகாஸ்டர்ங்கிற இன்னொரு மாடல்ல ராய் புகானன் இதையே அழ வைக்கிற மாதிரி பண்ணுவாரு. லெஸ் பால் மாடல் கிட்டார் வச்சிருக்கிறவங்க பாவம், நாப் கீழ தள்ளி இருக்கு, என் சின்ன கைக்கெல்லாம் எட்டவே எட்டாது, அவங்களுக்குப் பெடல் தான் வழி. 1965-லயே ஜார்ஜ் ஹாரிசன் வால்யூம் பெடல் வச்சு பீட்டில்ஸ் பாட்டுல இதைப் பண்ணிட்டாரு. கையும் காலும் சோம்பேறியா இருக்கிறவங்களுக்காக பாஸ் கம்பெனி 1979-ல ஸ்லோ கியர்னு ஒரு பெட்டி விட்டாங்க, தட்டினா அதுவே மூடி அதுவே திறக்கும், 1982-லயே நிறுத்திட்டாங்க, இப்ப பழசு என்ன விலைன்னு கேட்டா தலை சுத்தும். எனக்கு அந்த ஆட்டோமேட்டிக் சமாச்சாரம் பிடிக்கல, எல்லா நோட்டும் ஒரே மாதிரி திறக்கும், ஆட்டோமேட்டிக் கதவுக்கு யார் வந்தாலும் ஒண்ணுதானே.

எட்டி வான் ஹேலன் 1982 ஆல்பத்துல ஒண்ணு வாசிச்சிருப்பாரு, இடது கை விரலால கம்பியை அடிச்சுக்கிட்டே வலது கையால நாப்பை விடாம உருட்டி, கூட டிலேயும் போட்டு, கேட்டா சர்ச் ஆர்கன் மாதிரியே இருக்கும். வேகமா உருட்டி உருட்டி நாப் சூடாகி இறுகிப்போச்சுன்னு அவரே சொல்லியிருக்காரு. என் நாப் இறுகல, கரகரத்துச்சு.

இந்தக் கரகரப்பு நம்ம ஊருக்கே உண்டான வியாதி. மேற்க ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஆனி ஆடி மழைன்னா, கிழக்க இருக்கிற எங்க கோத்தகிரிக்கு ஐப்பசி கார்த்திகை. பீரோக்குள்ள வச்ச பெல்ட் பச்சையாகும், ஆம்ப் துணியில பூஞ்சை வெள்ளையா பூக்கும், புதுக் கம்பி மாட்டி ரெண்டே வாரத்துல விரல்ல துரு ஒட்டும். எங்க வீட்டுல கிட்டார் பீரோக்குள்ள ஒரு குண்டு பல்பு எப்பவும் எரியும், ஷூ டப்பாவுல வர்ற அந்த சின்ன ஜெல் பாக்கெட் எங்க கிடைச்சாலும் எடுத்துட்டு வந்து உள்ள போடுவேன், பாத்தவங்க ஏதோ பரிகாரம்னு நினைப்பாங்க. இருந்தும் நாப்புக்கு உள்ள இருக்கிற கார்பன் தடத்துல ஈரமும் தூசியும் போய் உக்காந்துடுது. முழுசா திறந்தே வச்சு வாசிக்கிறவனுக்கு அது தெரியாது. ஏழு வருஷம் எனக்கும் தெரியல.

ரிசப்ஷன் முடிஞ்ச மறுநாள் பஜார்ல எனக்குத் தெரிஞ்ச ரேடியோக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன், இப்ப அங்க ரேடியோ எல்லாம் இல்ல, மிக்ஸியும் ஹீட்டரும் தான் வருது, ஆனா அண்ணன் கை நல்ல கை. ஸ்ப்ரே அடிச்சுப் பாத்தாரு, நாப்பை முப்பது தடவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பச் சொன்னாரு, கொஞ்சம் குறைஞ்சுச்சு, போகல. "தம்பி, இது தேஞ்சு போச்சு, வேற போட்டுடலாம்"னு டப்பாவைக் குலுக்கி ஒண்ணை எடுத்து ஈயம் பத்த வச்சு மாட்டிக் கொடுத்துட்டாரு. கரகரப்பு சுத்தமா போச்சு. சந்தோஷமா வீட்டுக்கு வந்து ஒரு நோட்டைத் திறந்தேன், மெதுவா வர வேண்டியது 'வ்வாக்'னு எகிறிக் குதிக்குது. என்ன பண்ணியும் அடங்கல. மூடியிருக்கு, மூடியிருக்கு, திடீர்னு முழுசா இருக்கு, நடுவுல ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் என் விரலைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் திறந்து பாத்தா கண்ட்ரோல் முதுகுல பி500கேன்னு எழுதியிருக்கு. பழசுல ஏ250கே. ரெண்டு எழுத்தும் வேற, நம்பரும் வேற. நம்பரால பெரிய சேதம் இல்ல, என் கிட்டார்ல இருக்கிற மாதிரி ஒத்தக் காயில் பிக்கப்புக்கு 250, ரெண்டு காயில் சேர்ந்த ஹம்பக்கருக்கு 500ங்கிறது வழக்கம், மாத்திப் போட்டா கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும். எழுத்துதான் வில்லன். 'பி'ன்னா லீனியர், எவ்வளவு திருப்புறோமோ அவ்வளவு சிக்னல் கணக்கா வரும், கேக்க நியாயமாத்தான் இருக்கு, ஆனா நம்ம காது அந்தக் கணக்குல கேக்காது. லீனியர்ல பத்துல ஒரு பங்கு திருப்பினாலே சத்தம் உச்சத்துக்கு 20 டெசிபல் கீழ வந்து நின்னுடும், பாதி திருப்பினா வெறும் 6 டெசிபல் தான் குறைச்சல், அதாவது மொத சின்ன அசைவுலயே எல்லாம் நடந்து முடிஞ்சு மீதித் தூரம் சும்மா. 'ஏ'ன்னா லாக், ஆடியோ டேப்பர்னும் சொல்லுவாங்க, அதுல பாதி திருப்பினா மொத்தத்துல பத்து பதினஞ்சு சதவீதம் தான் வரும், லீனியர்ல மொத அசைவுல கிடைச்ச அந்த சத்தம் இதுல பாதி வழி போனா தான் கிடைக்கும். சுண்டுவிரலுக்கு நடக்க இடம் இருக்கும். லீனியர் தான் நல்லதுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, விரலுக்கு அதிகம் திருப்ப வேண்டியதில்லன்னு, அவங்க விரல் அவங்க இஷ்டம். நான் மறுநாளே கடைக்குப் போய் நின்னேன், அண்ணன் கோவிச்சுக்கல, "பாட்டுக்குன்னு சொல்லியிருந்தா அப்பவே லாக் போட்டிருப்பேனே"ன்னு சொன்னாரு. நியாயம்தான், நான்தான் சொல்லல.

அவரே இன்னொண்ணும் கேட்டாரு, வால்யூமைக் குறைச்சா ட்ரெபிள் மங்குமே, சின்னதா ஒரு கண்டென்சர் வச்சு விடட்டுமான்னு. ட்ரெபிள் ப்ளீட்னு சொல்லுவாங்க அதை, குறைச்சு வச்சாலும் மேல் சத்தம் தப்பி ஓடி வர ஒரு சந்து. ரிதம் வாசிக்கிறவங்களுக்கு ரொம்ப நல்லது. ஸ்வெல்லுக்கு நான் வேண்டாம்னு சொல்லிட்டேன். ஏன்னா அது இல்லாம திறந்தா ஏறுற வழியில சத்தம் மூடின வாய் மாதிரி இருக்கும், முழுசா திறக்கும்போதுதான் வெளிச்சம் வரும். வாயை மூடி 'ம்'முன்னு ஆரம்பிச்சு மெதுவா 'ஆ'ன்னு திறந்து பாருங்க, அதேதான். அன்னைக்கு மேடையில எனக்குப் பிடிச்சுப் போனதும் இதுதான்னு அப்பதான் விளங்குச்சு. என் பெடலுக்கு முன்னாடி ஒரு பஃபர், அதாவது சிக்னல் மங்காம பாத்துக்கிற சின்ன சர்க்யூட் இருக்கு, அதனால பெடல் சத்தத்தைக் கூட்டும் குறைக்கும், நிறத்தை மாத்தாது. விரல் ரெண்டையும் சேத்து மாத்துது.

சத்தத்தை உறும வைக்கிற டிஸ்டார்ஷன் பெட்டி போட்டிருந்தா கதையே வேற. கிட்டார் நாப் டிஸ்டார்ஷனுக்கு முன்னாடி இருக்கிறதால, நாப்பைத் திறக்கத் திறக்க சத்தத்தோட சேர்ந்து உறுமலும் ஏறும், சாதுவா ஆரம்பிச்சு பல்லைக் காட்டி முடியும். ஆனா டிஸ்டார்ஷன் எல்லா சத்தத்தையும் அமுக்கி ஒரே உயரமாக்குற வேலையைப் பண்றதால, ஸ்வெல் கொஞ்ச தூரத்துலயே உச்சத்துக்குப் போய் முட்டிக்கும், விரல் ரொம்ப ரொம்ப மெதுவா போகணும். உறுமல் ஒரே மாதிரி இருந்து சத்தம் மட்டும் ஏறணும்னா வால்யூம் பெடலை டிஸ்டார்ஷனுக்குப் பின்னாடி வைக்கணும். எதுவா இருந்தாலும் டிலேக்கும் ரிவெர்ப்புக்கும் முன்னாடி வைங்க. பின்னாடி வச்சா அடுத்த நோட்டுக்காக மூடும்போது போன நோட்டோட வாலையும் சேத்து நறுக்கிடும். முன்னாடி இருந்தா நீங்க மூடித் தட்டுற அந்த அரை செகண்ட் இடைவெளியை டிலே நிரப்பிக்கும், மேடையில பாதிக் குட்டு வெளிய தெரியாம காப்பாத்துறது அதுதான். 75 வேகத்துல போற பாட்டுனா ஒரு பீட் 800 மில்லிசெகண்ட், அதுல முக்கால் 600, டிலேயை அங்க வச்சு மூணு நாலு தடவை திரும்பி வர்ற மாதிரி விட்டுட்டு ரெண்டு கம்பியில ஸாவும் பாவும் சேத்துத் திறங்க, அப்புறம் சொல்லுங்க.

ஆனா ஒண்ணு, இது சாம்பிராணி மாதிரி. கொஞ்சம் போட்டா வீடே மணக்கும், விடாம போட்டா இருமல். டிசம்பர்ல இங்க சர்ச்சுகள்ல வாசிக்கக் கூப்பிடுவாங்க, இப்ப வர்ற தம்பிங்க சில பேர் மொதப் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் ஸ்வெல்லைத் தவிர வேற ஒண்ணுமே வாசிக்கிறதில்ல, எந்த நோட்டுக்கும் தலை கிடையாது, எல்லாமே எங்கிருந்தோ மிதந்து வருது, பாடுறவங்களுக்கு எங்க ஒண்ணு எங்க மூணுன்னே தெரியாம தவிக்கிறாங்க. சொன்னா கேக்க மாட்டாங்க, அங்கிள்னு ஒரு சிரிப்பு சிரிப்பாங்க. ஒரு பாட்டுல ரெண்டு இடம், பாடுறவங்க மூச்சு வாங்குற இடம், அவ்வளவு போதும்னு நான் நினைக்கிறேன், மத்த நேரம் ஒழுங்கா தட்டி வாசிக்கலாம், தட்டுறது ஒண்ணும் குத்தமில்ல. சித்தப்பா இதைக் கேட்டா சிரிப்பாரு.

விரல் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு பெடலைத் தூக்கிப் போட முடியல. ரெண்டு கையும் நிறைய வேலை இருக்கிற பாட்டுல கால் தான் தெய்வம். கயிறு ஆர்டர் போட்டா மலை ஏறி வர எப்படியும் ஒரு வாரம், அதுக்குள்ள இன்னொரு புக்கிங். வீட்டுல இருந்த தூண்டில் நரம்பைக் கட்டிப் பாத்தேன், மிதிக்க மிதிக்க நீளுது, ரெண்டே நாள்ல தொளதொளன்னு ஆயிடுச்சு, அதுவும் தண்டுல பிடிப்பு இல்லாம வழுக்குது. ஸ்க்ரீன் இழுக்கிற கயிறு தடிமன், சுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது. கடைசில பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல செருப்பு தைக்கிற பெரியவர்கிட்ட பெடலோடயே போய் உக்காந்தேன். திறந்து காட்டினேன், அவர் தண்டையும் ஸ்ப்ரிங்கையும் பாத்தாரு, மெழுகு போட்ட நூலை மூணா முறுக்கி, தொடை மேல வச்சு உருட்டி, தண்டுல மூணு சுத்து சுத்தி, ஸ்ப்ரிங் கொக்கில ஒரு முடிச்சுப் போட்டு ஊசியால குத்தி அந்த முடிச்சையே தச்சு விட்டாரு. நான் குதிகாலை அழுத்தி மூடிப் பிடிச்சுக்கிட்டு, கண்ட்ரோல் பூஜ்யத்துல நிக்குதான்னு பாத்து ஸ்க்ரூவை இறுக்கினேன். நீளவே இல்ல, வழுக்கவும் இல்ல.

"இது என்ன தம்பி, தையல் மெஷின் பெடலா?"ன்னு கேட்டாரு. இல்லங்க, பாட்டு வாசிக்கிறதுக்குன்னு சொன்னேன். மிதிச்சாப் பாடுமான்னாரு. பாடாது, பாடுறதைத் திறந்து விடும்னேன். ஒரு நிமிஷம் பெடலையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, இருபது ரூபா வாங்கிக்கிட்டு, அறுந்தா இருக்கட்டும்னு இன்னொரு முழம் நூலை முறுக்கிக் கையில கொடுத்தாரு.